சாம்பலில் எலும்பு தேடியவர்

படக்கதை என்றாலே அது பிள்ளைகள் பொழுதைக் கழிக்க உதவும் மலிவுத்தாள் சமாச்சாரம் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. குருமடத்தில் நாம் பயின்ற நாள்களில், இரும்புக்கை மாயாவியின் சாகசங்களை இறையியல் நூலுக்குள் ஒளித்து வைத்துப் படித்த தோழர் ஒருவர் இருந்தார். அவர் இன்று திருச்சபைச் சட்டம் கற்பிக்கும் பேராசிரியர் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். எனவே படக்கதை ஒன்றைப் பற்றி இவ்விதழில் ஒரு குருவானவர் எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஜப்பானில் பல்லாண்டுகள் மறைப்பணி ஆற்றித் திரும்பிய குரு நண்பர் ஒருவர், ஆங்கில மொழிபெயர்ப்பில் பத்துத் தொகுதிகளை நம் கையில் தந்து, “மறையுரைக்கு உதவாது, ஆனால் படியும்” என்றார். படித்தோம். மறையுரைக்கு உதவாது என்பதில் மட்டும் அவரோடு நமக்கு உடன்பாடில்லை.

ஜப்பானியர் தம் படக்கதைகளை ‘மங்கா’ என்று அழைக்கின்றனர். பள்ளி மாணவர் முதல் ஓய்வு பெற்ற முதியவர் வரை ஒவ்வொரு வயதினருக்கும் தனித்தனி மங்கா இதழ்கள் அங்கே உண்டு. ‘ஷோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் இதழ் 1968இல் தொடங்கி, 1990களின் நடுவில் ஒரே வாரத்தில் 65 லட்சம் படிகளுக்குமேல் விற்றது. இவ்விதழ்களில் தொடர் எழுதும் ஓவியர் வாரந்தோறும் ஏறத்தாழ இருபது பக்கங்களைத் தந்தாக வேண்டும். முதலில் கதையைக் கட்டம் கட்டமாகக் கோட்டுருவில் அமைத்து, ஆசிரியரின் ஒப்புதல் பெற்று, பென்சிலால் வரைந்து, பின் மைதொட்ட பேனா முள்ளால் அதன்மேல் கோடிட வேண்டும். வாசகர்கள் அஞ்சலட்டையில் தமக்குப் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். வரிசையில் பின்தங்கிய தொடர் நிறுத்தப்படும். ஒசாமு தெசூகா என்னும் பெரும் ஓவியர் மருத்துவம் படித்தவர். ஸ்டெதாஸ்கோப்பை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்து, 1989இல் மறையும்வரை ஏறத்தாழ 1,50,000 பக்கங்கள் வரைந்தார் என்பர். 1947இல் வெளிவந்த அவருடைய ‘புதிய புதையல் தீவு’, போரில் தோற்றுப் பசியோடிருந்த ஒரு தலைமுறைச் சிறுவர்களைப் பித்துப்பிடிக்க வைத்தது. எரிந்துபோன ஹிரோஷிமா நகரில் அந்நூலைப் படித்து, தானும் ஓவியனாவேன் என்று முடிவு செய்த சிறுவன்தான் கெய்ஜி நகாசாவா. நாம் படித்த பத்துத் தொகுதிகள் அவருடையவை: ‘வெறுங்கால் கென்’.

நகாசாவா 1939 மார்ச் 14 அன்று ஹிரோஷிமாவில் பிறந்தார். தந்தை ஓர் ஓவியர். மரச்செருப்புகளுக்கு வண்ணந்தீட்டிப் பிழைத்தவர். போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறை சென்றவர். 1945 ஆகஸ்டு 6 காலை 8.15 மணிக்கு ஆறு வயதுக் கெய்ஜி பள்ளிவாயிலில் நின்றுகொண்டிருந்தான். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் தொலைவு. உடன் படிக்கும் பிள்ளையின் தாயார் ஒருவர் ஏதோ கேட்டதால், பள்ளியின் கற்காரைச் சுவரோரம் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தான். சுவர் அவனை மறைத்தது. பேசிக்கொண்டிருந்த அந்தத் தாய் எரிந்துபோனார். அக்கேள்வியை அவர் கேளாதிருந்தால் நமக்கு அந்நூல் இல்லை.

வீட்டில் நடந்தது வேறு. இடிந்து விழுந்த கூரையின்கீழ் தந்தையும், அக்காள் எய்கோவும், தம்பி சுசுமுவும் அகப்பட்டுக்கொண்டனர். துணி உலர்த்தும் மாடத்தில் நின்றிருந்த தாய் கிமியோ மட்டும் தப்பினார். அவர் நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. உத்திரத்தை அசைக்க முடியவில்லை, தீ நெருங்கியது. தாமும் உடன் சாவதாக அவர் பிடிவாதமாக நின்றபோது, அண்டைவீட்டார் ஒருவர் வலிந்து இழுத்துச் சென்றார். அன்றே தெருவோரத்தில் அவருக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. தொமோகோ என்று பெயரிட்டனர். சில மாதங்களில் அக்குழந்தையும் இறந்தது. கெய்ஜியும் அண்ணன் அகிராவும் பின்னர் வீடிருந்த இடத்திற்குச் சென்று சாம்பலைத் தோண்டி, தந்தை, அக்காள், தம்பி ஆகியோரின் எலும்புகளை எடுத்து வந்தனர்.

எலும்பு என்பது ஜப்பானியர் வாழ்வில் எத்தகையது என்பதை இங்குச் சொல்லியாக வேண்டும். உடலை எரித்தபின் உறவினர் கூடி நின்று, நீண்ட குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கிக் கலயத்தில் இடுவர். இறந்தவருக்குச் செய்யும் இறுதித் தொண்டு அது. கையால் தொட்டு அடக்கம் செய்யும் நம் வழக்கத்திற்கு அது அயலானது அன்று. உடலோடு விடைபெற வேண்டும் என்ற ஏக்கம் எல்லா மக்களுக்கும் பொதுவாயிருக்கிறது.

பள்ளிக்குப்பின் நகாசாவா பெயர்ப்பலகை எழுதும் கடையில் வேலை பார்த்தார். 1961இல் தோக்கியோ சென்று மங்கா வரையலானார். தாம் அணுகுண்டுக்குத் தப்பியவர் என்பதைத் தலைநகரில் அவர் வெளியே சொல்லவில்லை. சொன்னால் முகம் மாறும். அவர் குடித்த தேநீர்க் கிண்ணத்தைத் தொடவும் தயங்குவார்கள். துன்பப்பட்டவனையே தீட்டுப்பட்டவனாக்கும் இந்த வழக்கம் எந்த நாட்டில் இல்லை? ஆண்டுகள் பல அவர் வீர விளையாட்டுக் கதைகளையும் சண்டைக் கதைகளையும் வரைந்து, அணுகுண்டு என்ற சொல்லையே விலக்கி வாழ்ந்தார்.

1966இல் தாய் இறந்தார். எரியூட்டியபின் எலும்பு பொறுக்கச் சென்ற மகன் கண்டது வெண்மையான சிறு துணுக்குகளை மட்டுமே. எலும்பு என்று சொல்லி எடுக்க ஒன்றும் இல்லை. கதிர்வீச்சு தாயின் எலும்பையும் தின்றுவிட்டது என்று அவர் நம்பினார். மருத்துவர் அதற்கு வேறு விளக்கம் தரக்கூடும். நாம் அதற்குள் புக விரும்பவில்லை. ஆறு வயதில் சாம்பலைத் தோண்டி மூவருடைய எலும்பை எடுத்தவர், இருபத்தேழு வயதில் பெற்றவளுடைய எலும்பைக்கூடப் பெறவில்லை. தோக்கியோவுக்குத் திரும்பும் ரயிலிலேயே அவர் மனம் திரும்பியது. அதன்பின் எழுதிய ‘கருமழையில் நனைந்து’ என்ற கதையைப் பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1968இல் ‘மங்கா பஞ்ச்’ என்ற இதழ் துணிந்து வெளியிட்டது.

1972இல் ஷோனென் ஜம்ப்பின் மாத இதழ், ஓவியர்கள் தம் வாழ்க்கையைத் தாமே வரையும் வரிசை ஒன்றைத் தொடங்கி, முதலில் நகாசாவாவை அழைத்தது. ‘நான் கண்டேன்’ என்ற அந்தக் குறுங்கதையைப் பார்த்த ஆசிரியர் தாதாசு நகானோ, இதை நெடுந்தொடராக எழுதும் என்று ஊக்கினார். 1973இல் ‘வெறுங்கால் கென்’ வார இதழில் தொடங்கியது. அஞ்சலட்டை வாக்குகளால் வாழும் இதழில், தோல் உரிந்து தொங்க நடந்துவரும் மக்களை வாரந்தோறும் வரைந்து நிலைப்பது எளிதா? நகானோ என்ற அந்த ஒருவர் காத்து நின்றமையால் அது ஓராண்டுக்கு மேல் நின்றது. பின்னர் வேறு இதழ்கள் மாறி மாறி ஏந்த, 1980களில்தான் தொடர் முடிவுற்றது. 1976இலேயே தோக்கியோவில் இளைஞர் சிலர் கூடி இதை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினர். மேனாட்டு மொழிக்குச் சென்ற முதல் மங்காக்களுள் இதுவும் ஒன்று.

கதையில் வரும் சிறுவன் கென் நகாசாவாவேதான். ‘மூலம்’, ‘தோற்றுவாய்’ என்ற பொருள்தரும் எழுத்தை அவனுக்குப் பெயராக்கினார். ஆயினும் ஓரிடத்தில் கதை வாழ்க்கையிலிருந்து விலகுகிறது. தந்தையும் அக்காளும் தம்பியும் எரிந்தபோது நகாசாவா அங்கே இல்லை. பள்ளியிலிருந்து ஓடிவந்த சிறுவன் தாயைக் கண்டது தெருவில்தான். நடந்ததைத் தாய் வாயாலேயே அறிந்தான். கதையிலோ கென் அங்கே நிற்கிறான். உத்திரத்தை நெம்புகிறான், தம்பியின் கதறலைக் கேட்கிறான், தீயைக் காண்கிறான், தாயோடு சேர்ந்து ஓடுகிறான்.

இந்த ஒரு மாற்றத்தை நாம் பல நாள்கள் எண்ணிப் பார்த்தோம். கதைக்கு விறுவிறுப்பூட்டச் செய்த வேலை என்று சொல்லிவிடலாம், சொல்பவர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தாய் இருபத்தோர் ஆண்டுகள் அக்கதறலைத் தனியாகச் சுமந்தார். அவர் இறந்தபின், கண்ட சாட்சி ஒருவரும் இல்லை, எலும்பும் இல்லை. மகன் என்ன செய்ய முடியும்? சுவரோரம் பாதுகாப்பாக நின்ற ஆறு வயதுப் பையனை அங்கிருந்து பெயர்த்து, தாயின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். சிலுவையடியில் மகனைப் பார்த்து நின்ற தாயை நாம் அறிவோம். தாயின் துயரத்தின் அருகே பிந்தி வந்து நின்ற மகன் இவர். உண்மையிலிருந்து அவர் விலகியதாகச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

கடற்கரைப் பங்கொன்றில் நாம் பணியாற்றியபோது, 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியது. கடலுக்குப் போனவர்களுள் பலர் திரும்பவில்லை, உடலும் கரைசேரவில்லை. நாற்பது நாள்கள் கழிந்து, மகனை இழந்த தாய் ஒருவர் துவைத்து மடித்த சட்டையொன்றைக் கொண்டுவந்து, “சாமி, இதப் பெட்டியில வச்சி அடக்கிரலாமா?” என்று கேட்டார். நாம் இசைந்தோம். திருப்பலி ஒப்புக்கொடுத்து, சட்டை வைத்த பெட்டியை மந்திரித்துக் குழியில் இறக்கினோம். உயிர்ப்பைப் பற்றி அன்று நாம் பேசிய மறையுரையை அவர் கேட்டாரா என்று தெரியாது. பெட்டி குழியில் இறங்கும்போது அதன் விளிம்பை அவர் பிடித்திருந்தார். அவர் தாமாக விடும்வரை வெட்டியான் காத்து நின்றார். நகாசாவா வரைந்த பக்கங்களைப் பின்னாளில் புரட்டியபோது, உடல் கிடைக்காதவர் தமக்கென ஓர் உடலைச் செய்துகொள்வதை மீண்டும் கண்டோம். அந்தத் தாய்க்குச் சட்டை. இந்த மகனுக்கு மையும் தாளும்.

இவ்வளவும் சொன்னபின், நூலின் குறைகளை மறைப்பது முறையன்று. நகாசாவாவின் கோடு நயமானதன்று. ஆட்கள் ஓயாமல் அடித்துக்கொள்கிறார்கள். தந்தை பிள்ளைகளை அறைகிறார், பிள்ளைகள் ஊரை அறைகிறார்கள். பிற்பகுதித் தொகுதிகளில் மாந்தர் நின்று மேடைப்பேச்சுப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். மறையுரை நீண்டுவிடும்போது கடைசி வாங்குகளில் எழும் இருமலை அறிந்தவர்கள் நாம். அந்த இருமலை நூலைப் படிக்கையில் நாமே இருமினோம். ஆனால் அவருடைய சினம் ஒருபக்கச் சினமன்று. குண்டு வீசிய அமெரிக்கரையும், நோயாளிகளைச் சோதித்துக் குறிப்பெடுத்து மருந்து மட்டும் தராத அவர்களுடைய ஆய்வு நிலையத்தையும் அவர் சாடுகிறார். அதே அளவுக்குத் தம் நாட்டுப் பேரரசரையும் படைத்தலைவர்களையும் சாடுகிறார். பக்கத்து வீட்டுக் கொரியர் பாக் என்பவரை ஊரே இழிவுபடுத்துகிறது. கென் குடும்பத்திற்கு உதவும் கை அவருடையது. குண்டு விழுந்தபின் காயம்பட்ட அவருடைய தந்தைக்குக் கொரியர் என்ற ஒரே காரணத்தால் மருத்துவம் மறுக்கப்படுகிறது. வருந்துவோர் வரிசையிலும் சாதி பார்க்கப்பட்டதை மறைக்காமல் வரைந்த கை அது.

இதனால்தான் வழக்கும் வந்தது. 2012 டிசம்பரில் மட்சுவே நகரக் கல்வி வாரியம், பள்ளி நூலகங்களில் இந்நூலைப் பிள்ளைகள் தாமாக எடுக்க முடியாதபடி உள்ளறையில் பூட்டி வைக்கப் பணித்தது. குண்டு விளைத்த கோரம் அதற்குக் காரணமன்று. ஜப்பானியப் படையினர் ஆசிய நாடுகளில் இழைத்த கொடுமைகளைக் காட்டும் பகுதிகளே காரணம். எதிர்ப்பு எழுந்ததால் 2013 ஆகஸ்டில் அந்த ஆணை கைவிடப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரமே தன் பள்ளிகளின் அமைதிக்கல்விப் பாடத்திலிருந்து இந்நூலின் பகுதியை நீக்கியது. அப்பகுதியில், ஊட்டமின்றி வாடும் கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்க, கென் பிறர் குளத்துக் கெண்டைமீனைத் திருடுகிறான். பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்வார்களாம்.

கடும் தேவையில் உயிர்காக்க எடுப்பது திருட்டாகாது என்று தூய அக்குவினாத் தோமா பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வகுத்துச் சொல்லியிருக்கிறார். அறநெறி இறையியல் வகுப்பில் அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய நமக்கு, அது ஓர் உருவத்தோடு கண்முன் நின்றது அந்தக் கெண்டைமீன் பக்கத்தில்தான். மறைக்கல்வி வகுப்பில் ஏழாம் கட்டளையை விளக்கும்போது பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொன்னோம். ஒரு சிறுமி எழுந்து, “குளத்துக்காரருக்கும் பசித்திருந்தால், ஃபாதர்?” என்று கேட்டாள். புரிந்துகொள்ளமாட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை.

நீக்குவது நாம் அறியாத செயலுமன்று. நாள்தோறும் நாம் செபிக்கும் திருப்புகழ்மாலையைச் சங்கத்திற்குப்பின் 1971இல் புதுப்பித்தபோது, சாபமிடும் திருப்பாடல்கள் மூன்று, அதாவது 58, 83, 109 ஆகியவை, மனத்திற்கு இடறலாகலாம் என்று விடப்பட்டன. திருச்சபையின் முடிவுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் விவிலியத்திலிருந்து அவற்றை யாரும் கிழித்துவிடவில்லை என்பதில் நமக்கு ஓர் ஆறுதல். ‘வெறுங்கால் கென்’ விவிலியமன்று. எனினும் அழுகையையும் சினத்தையும் நூலகத்தின் வெளித்தட்டிலேயே விட்டுவைப்பது நலம் என்பது நம் கருத்து. சாவு வீட்டில் ஆறுதலை விரைந்து வழங்குபவரைக் கண்டு துயருற்றோர் முகம் இறுகுவதைக் குருக்கள் அறிவோம்.

கென் தொடங்கிய அதே 1973இல், ஷிகேரு மிசுகி என்ற மற்றோர் ஓவியர் தம் போர்க்கதையை வெளியிட்டார். நியூ பிரிட்டன் தீவில் இடக்கையை இழந்து திரும்பிய படைவீரர் அவர். தப்பிப் பிழைத்த வீரர்களை மீண்டும் சாகும்படி அனுப்பிய கட்டளையை எஞ்சிய ஒரு கையால் வரைந்தார். ஆனால் நகாசாவாவோடு நாம் சேர்த்துப் பார்க்க விரும்புவது ஃபுமியோ கோனோவை. 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்த இப்பெண் ஓவியர் குண்டைக் கண்டவருமல்லர்; தப்பியவர் பெற்ற பிள்ளையுமல்லர். அக்காட்சிகளைப் பார்க்க அஞ்சி ஒதுங்கியிருந்தவர். ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலால் எழுதத் தொடங்கி, 2004இல் ‘மாலை அமைதியின் நகர்’ என்ற சிறுநூலைத் தந்தார். குண்டு விழுந்து பத்தாண்டு கழிந்த ஆற்றங்கரைக் குடிசைகளில், காதலிக்கப்படுவதற்கே தனக்கு உரிமையுண்டா என்று கலங்கும் இளம்பெண்ணின் கதை. அதில் கூச்சல் இல்லை. ஆனால் அவளும் கதிர்நோயால் இறக்கிறாள்.

2007 முதல் 2009 வரை கோனோ வரைந்த ‘உலகின் இந்த மூலையில்’ என்ற தொடரின் நாயகி சுசு, ஓயாமல் படம் வரைபவள். ஹிரோஷிமாவிலிருந்து கூரே துறைமுகத்திற்கு மணமாகி வந்தவள். 1945இல் தாமதித்து வெடித்த குண்டொன்றில், கைப்பிடித்து நடத்திச் சென்ற சிறுமியையும், பிடித்திருந்த தன் வலக்கையையும் இழக்கிறாள். அதன்பின் வரும் பக்கங்களில் வீடுகளும் மலைகளும் கோணலாகத் தெரியும். கோனோ அப்பின்னணிகளைத் தம் இடக்கையால் வரைந்தார். அதை அறியாமலேயே ஒருமுறை படித்து, ஏதோ சரிந்துவிட்டதை உணர்ந்து, பின்னர் காரணம் அறிந்தோம். காணாத ஒருவர் கண்டவர் பக்கத்தில் எப்படி நிற்பது என்பதற்கு நாம் அறிந்த மிக அடக்கமான விடை அது. நகாசாவா தம் உடலைப் பெயர்த்து நெருப்பின் முன் நிறுத்தினார். கோனோ தம் திறமையான கையைச் சற்று நேரம் கீழே வைத்தார்.

குண்டுக்குத் தப்பியோரின் கூட்டமைப்பான நிகோன் ஹிதான்கியோவுக்கு 2024இல் நொபேல் அமைதிப் பரிசு வழங்கப்பட்டபோது, உயிரோடிருந்தவர்களின் சராசரி வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நேரில் கண்டவர் ஒருவரும் இல்லாத நாள் வரப்போகிறது. அப்போது கோனோ போன்றவர்களே எஞ்சுவர்.

நகாசாவா 2009இல் கண்பார்வை குன்றியதால் வரைவதை நிறுத்தினார். கென்னின் மூலப் பக்கங்களை ஹிரோஷிமாவின் அமைதி நினைவு அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார். 2012 டிசம்பர் 19 அன்று, மட்சுவேயில் அவர் நூலைப் பூட்டச் சொன்ன அதே மாதத்தில், நுரையீரல் புற்றுநோயால் தம் 73ஆம் வயதில் காலமானார். பத்தாம் தொகுதியின் முடிவில் கென் ஓவியனாகும் கனவோடு தோக்கியோவுக்கு ரயில் ஏறுகிறான். அங்கே அவன் என்ன ஆனான் என்பதை இரண்டாம் பாகமாக வரைய அவர் எண்ணியிருந்தார். அது முற்றுப்பெறவில்லை.